எருசலேம் தர்மப்பணம்

எருசலேம் தர்மப்பணம் என்பது, கி.பி. 50-களில் அப்போஸ்தலர் பவுல் யூதரல்லாத சபைகளில் சேர்த்து, எருசலேமில் வறுமைப்பட்டிருந்த யூதக் கிறிஸ்தவர்களுக்குக் கொண்டுபோன நிதி. கலாத்தியா, மக்கெதோனியா, அகாயா மாகாணங்களின் சபைகளில் இதற்கு வசூல் நடந்தது. கொடுப்பதைப் பற்றிப் புதிய ஏற்பாட்டில் மிக விரிவாகப் பேசும் 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்கள் இந்த வசூலை முடித்துவைக்க எழுதப்பட்டவை. மனிதன் நீதிமானாவது நியாயப்பிரமாணத்தினால் அல்ல, கிருபையினால் என்று போதித்த ஒருவர், கட்டளை போடாமல் பணம் திரட்ட வேண்டிவந்தது; அந்த அதிகாரங்களின் சுவையும் சங்கடமும் அதில்தான் இருக்கின்றன.

பின்னணி

யூதரல்லாதவர் கிறிஸ்தவராக வேண்டுமானால் விருத்தசேதனம் செய்துகொண்டு மோசேயின் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்ள வேண்டுமா என்பது ஆதிச்சபையின் முதல் பெரிய வழக்கு. ஏறத்தாழ 48-49இல் எருசலேம் சபைத் தலைவர்களான யாக்கோபு, பேதுரு, யோவான் ஆகியோர் பவுலுக்கும் அவருடைய உடன் ஊழியர் பர்னபாவுக்கும் கைகொடுத்து, அந்தச் சுமை வேண்டாம் என்று ஒப்புக்கொண்டனர். தரித்திரரை மறக்கக்கூடாது என்பதை மட்டும் கேட்டுக்கொண்டதாகக் கலாத்தியர் நிருபம் (2:10) சொல்கிறது. சட்டத்தின் சுமை இறங்கிய அதே பேச்சுவார்த்தையில்தான் ஏழைகளின் பேச்சும் எழுந்தது.

எருசலேமின் கஷ்டம் கற்பனையல்ல. கிலவுதியு பேரரசரின் காலத்தில் (41-54) யூதேயாவைப் பஞ்சம் வாட்டியது. அதியபேன் நாட்டு அரசி எலேனா எகிப்தில் தானியமும் சைப்ரஸில் உலர்ந்த அத்திப்பழமும் வாங்கிவந்து நகரத்தாருக்குக் கொடுத்ததை வரலாற்றாசிரியர் யோசேப்பு பதிவுசெய்திருக்கிறார். அந்தியோகியா சபை இந்தப் பஞ்சத்துக்கென்று அனுப்பிய உதவியைக் கொண்டுபோனவர்களும் பர்னபாவும் பவுலுமே (அப்போஸ்தலர் 11). ஆனால் தர்மப்பணம் அவசர நிவாரணத்தைவிடப் பெரிய திட்டம். பல ஆண்டுகள் நீடித்தது.

வசூல் நடந்த விதம்

முறை எளியது. வாரத்தின் முதல் நாளில் ஒவ்வொருவரும் தம் வரவுக்குத் தக்கதைத் தம்மிடத்திலேயே எடுத்துவைக்க வேண்டும். பவுல் வந்து நிற்கும்போது அவசர வசூல் கூடாது (1 கொரிந்தியர் 16). பணத்தைக் கொண்டுபோக நம்பகமானவர்களைச் சபையே தேர்ந்தெடுக்க வேண்டும். வசூலுக்கு அங்கே பவுல் வழங்கும் ‘லொகேயா’ என்ற கிரேக்கச் சொல், எகிப்தில் கிடைத்த பாப்பிரஸ்களிலும் ஓட்டுச் சில்லுகளிலும் சாதாரணக் கணக்குவழக்குச் சொல்லாகவே வருகிறது.

இதன் அருகில் வைத்துப் பார்க்க வேண்டியது எருசலேம் ஆலய வரி. இருபது வயதுக்கு மேற்பட்ட யூத ஆண் ஒவ்வொருவரும், எந்த நாட்டில் இருந்தாலும், ஆண்டுக்கு அரைச் சேக்கல் அனுப்பினர். பணக்காரர் கூட்டவும் ஏழை குறைக்கவும் கூடாது. இது சேர்ந்தால் பெருந்தொகை: கி.மு. 62இல் ஆசியா மாகாண ஆளுநர் பிளாக்கு இந்தப் பணத்தைப் பறிமுதல் செய்தபோது அப்பமேயா நகரத்தில் மட்டும் ஏறக்குறைய நூறு ராத்தல் பொன் பிடிபட்டதாக, அவருக்காக வாதாடிய சிசரோவின் உரையிலிருந்து தெரிகிறது. பவுலின் நிதியும் தூரதேசங்களிலிருந்து அதே நகரத்துக்குத்தான் போனது. ஆனால் தலைக்கு இவ்வளவு என்ற அளவு இல்லை. கொடுக்காதவருக்குத் தண்டனையும் இல்லை. பத்தில் ஒரு பங்கு என்ற தசமபாகக் கணக்கையும் பவுல் எடுக்கவில்லை. நியாயப்பிரமாணத்தில் பரிசேயனாகத் தேறியவருக்கு அது தெரியாமல் இருந்திருக்க வழியில்லை.

கிருபை என்ற சொல்

தமிழில் படிப்பவர்களின் கண்ணில் படாமல் போகும் ஒரு விஷயம் இங்கே உண்டு. 2 கொரிந்தியர் 8, 9 அதிகாரங்களில் ‘காரிஸ்’ என்ற கிரேக்கச் சொல் பத்து முறை வருகிறது. தேவன் மனிதருக்கு இலவசமாகக் காட்டும் தயவுக்கும் அதுவே சொல். கொரிந்தியர் சேர்க்கும் காணிக்கைக்கும் அதுவே. கடைசியில் தேவனுக்குச் செலுத்தும் நன்றிக்கும் அதுவே. பழைய தமிழ் வேதாகமம் இதை இடத்துக்கு ஏற்பக் கிருபை, உபகாரம், தர்மகாரியம், ஸ்தோத்திரம் என்று பிரித்துப்போட்டது. வேறு வழியும் இல்லை. ஆனால் மேலிருந்து வந்த தயவுதான் கை மாறிப் பணமாகி, பிறகு நன்றியாக மேலே திரும்புகிறது என்ற பவுலின் சொல்லாடல் அதில் கலைந்துவிடுகிறது.

தாம் எழுதுவது கட்டளை அல்ல என்று பவுல் தெளிவாகச் சொல்கிறார். ஐசுவரியவானாயிருந்த கிறிஸ்து பிறருக்காகத் தரித்திரரானதை நினைவூட்டுகிறார். வனாந்தரத்தில் மன்னா பொறுக்கியவர்களில் மிகுதியாகச் சேர்த்தவருக்கு மீதியும் இல்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவருக்குக் குறைவும் இல்லை என்ற யாத்திராகமக் கதையைக் காட்டி, நோக்கம் சமநிலை என்கிறார். ஒருவர் தம் மனதில் நியமித்ததை விசனமோ கட்டாயமோ இல்லாமல் கொடுக்கவேண்டும் என்ற புகழ்பெற்ற வசனமும் இங்கேதான் இருக்கிறது.

இருந்தாலும் பவுலை வெள்ளந்தியான மனிதராக எண்ணிவிடக் கூடாது. ஏழைகளான மக்கெதோனியர் தங்கள் சக்திக்கு மிஞ்சிக் கொடுத்ததைக் கொரிந்தியரிடம் சொல்கிறார்; கொரிந்தியரைப் பற்றி மக்கெதோனியரிடம் ஏற்கெனவே பெருமை பேசிவைத்ததையும் சொல்கிறார். மக்கெதோனியர் என்னோடு வந்து பார்க்கும்போது பணம் ஆயத்தமாக இல்லாவிட்டால் யாருக்கு வெட்கம் என்றும் கேட்டுவைக்கிறார். கட்டளை இல்லைதான், நெருக்கடி இல்லை என்று சொல்ல முடியாது. அதேசமயம் பணத்தைத் தாமே கையாளாமல், தம் உதவியாளர் தீத்துவோடு சபைகள் நம்பிய இரண்டு சகோதரரையும் அனுப்பினார். பெரிய தொகையில் யாரும் குற்றம் கண்டுபிடிக்கக் கூடாது என்று காரணமும் எழுதினார். கிருபையின் பெயரால் வசூலித்தவர் வரவுசெலவில் மட்டும் கறாராக இருந்தார்.

எருசலேம் பயணம்

ஏறத்தாழ 57இல் கொரிந்துவிலிருந்து எழுதிய ரோமர் நிருபத்தில் (15ஆம் அதிகாரம்), மக்கெதோனியாவும் அகாயாவும் பங்கு சேர்த்துவிட்டதைப் பவுல் அறிவிக்கிறார். யூதரின் ஞான நன்மைகளில் பங்குபெற்றவர்கள் சரீர நன்மைகளால் உதவக் கடனாளிகள் என்று அங்கே வாதிடுகிறார். எருசலேம் சபை இதை ஏற்றுக்கொள்ள ஜெபம்பண்ணுங்கள் என்றும் கேட்கிறார். விருத்தசேதனமில்லாத கைகளின் பணம் திருப்பியனுப்பப்படலாம் என்ற அச்சம் அவருக்கு இருந்திருக்கிறது.

பெரோயாவின் சோபத்தர், தெசலோனிக்கேயின் அரிஸ்தர்க்கு, செக்குந்து, ஆசியாவின் தீகிக்கு, துரோப்பீமு முதலியோர் உடன் பயணித்தனர். எருசலேமில் யாக்கோபு பவுலிடம் எழுப்பியது நியாயப்பிரமாணப் பேச்சு: மோசேயை விட்டுவிலகும்படி யூதருக்குப் போதிப்பதாக உங்கள்மேல் புகார் இருக்கிறது, பொருத்தனை பண்ணிய நால்வரின் செலவை ஏற்று ஆலயத்துக்குப் போங்கள் என்றார். பவுல் போனார். யூதரல்லாத துரோப்பீமுவை, யூதரல்லாதோர் நுழையக்கூடாத ஆலயத்துக்குள் கூட்டிவந்தார் என்ற வதந்தியில் கலகம் எழுந்து கைதானார். தர்மப்பணம் ஏற்கப்பட்டதா என்று அப்போஸ்தலர் நடபடிகள் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆளுநர் பேலிக்ஸின் முன்பாகத் தம் ஜனத்தாருக்குத் தர்மப்பணம் கொண்டுவந்ததாகப் பவுல் சொல்வது மட்டுமே இருக்கிறது.

பிற்காலம்

இரண்டாம் நூற்றாண்டில் அளவில்லாக் கொடையே வழக்கமாக இருந்தது. ரோமில் வசதியுள்ளோர் தாம் விரும்பியதைக் கொடுக்க, அது அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறைப்பட்டோருக்குப் போனதாகக் கிறிஸ்தவ எழுத்தாளர் ஜஸ்டின் ஏறத்தாழ 150இல் எழுதினார். நியாயப்பிரமாணத்தையும் கிருபையையும் பகையாக்கி, பழைய ஏற்பாட்டையே தள்ளிவிட்ட மார்சியோன் அதே ரோம சபைக்கு இரண்டு லட்சம் செஸ்டர்ஸ் கொடுத்தவர். போதனையைச் சபை ஏற்கவில்லை. பணத்தையும் அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டது.

பிறகு அளவு திரும்பியது. 585இல் மாகோன் திருச்சபைச் சங்கம் தசமபாகம் செலுத்தாதோரைச் சபைக்குப் புறம்பாக்கத் தீர்மானித்தது. 779இல் மன்னர் சார்லமேன் அதை அரசச் சட்டமாக்கினார். இங்கிலாந்தில் அதன் கடைசி வடிவம் 1936இல்தான் ஒழிக்கத் தொடங்கப்பட்டது.

தமிழ்ச் சபைகளில் இரு மரபுகளும் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன. மல்கியாவின் வசனத்தை எடுத்துத் தசமபாகம் கேட்கும் பிரசங்கங்கள் உண்டு. ஒவ்வொரு வேளையும் உலை வைக்குமுன் பெண்கள் ஒரு பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போட்டுவைத்து, அதைச் சபைக்குக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. 1903இல் தொடங்கிய திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் இப்படிப்பட்ட உள்ளூர்க் காணிக்கைகளில் நடந்தது. அதை நிறுவியவர்களுள் ஒருவரும், 1912 முதல் தோர்ணக்கல் பேராயராக இருந்தவருமான வே.சா. அசரியா, கிறிஸ்தவர் கொடுப்பதைப் பற்றித் தனி நூலே எழுதினார்.