பட்டறையிற் பயின்ற சிற்பம்

மேனாட்டுச் சிற்பக்கலையின் அண்மைக்கால வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் சிற்பிகளின் மேதைமையிலிருந்தே தொடங்குவர். நாம் ஒரு தொழிற்சாலை வாயிலிலிருந்து தொடங்க விரும்புகின்றோம். 1925 ஆம் ஆண்டுக் கோடையில், கலை பயிலத் தொடங்கியிருந்த பத்தொன்பது வயது மாணவர் ஒருவர், அமெரிக்காவின் சவுத் பென்ட் நகரிலிருந்த ஸ்ருடிபேக்கர் மோட்டார்த் தொழிற்சாலையிற் கூலிக்குச் சேர்ந்தார். அவர் பெயர் டேவிட் சிமித். கலைக்காக அன்று, காசுக்காகவே அவர் அங்கு சென்றார். தறையாணி அடிக்கவும் உலோகத்தை உருக்கி ஒட்டவும் அங்கே பழகினார். களிமண்ணும் சலவைக்கல்லும் வெண்கல வார்ப்புமே சிற்பத்துக்குரியன எனக் கலைக்கூடங்கள் கருதிய காலம் அது.

அவருக்கு முன்னரே, 1918 இல், பாரிஸ் நகரையடுத்த றெனோ தொழிற்சாலையில் நாற்பதைக் கடந்த ஒருவர் இதே தொழிலைக் கற்றுக்கொண்டிருந்தார். பார்சலோனாவில் உலோகவேலைக் குடும்பமொன்றிற் பிறந்த ஹூலியோ கொன்சாலேஸ் அவர். தந்தையின் பட்டறையிற் பொன்னையும் இரும்பையும் கையாண்டு வளர்ந்தவருக்கும் இந்தச் சுடர் புதிது.

பற்றவைத்தல் வேறு, உருக்கி ஒட்டுதல் வேறு. பொற்கொல்லன் பற்றாசை உருக்கி இரு துண்டுகளைப் பிடிக்கச் செய்கிறான், துண்டுகள் உருகுவதில்லை. ஒட்சிசனும் அசற்றிலீனும் சேர்ந்தெரியும் சுடரோ 3000 பாகை சென்ரிகிரேட்டுக்கும் மேற்பட்ட வெப்பமுடையது. இரு விளிம்புகளும் உருகி ஒரே குளமாகி உறைகின்றன. புதியவன் கைக்கு அச்சுடர் எளிதில் அடங்காது. சற்றுத் தாமதித்தால் மென்தகட்டில் துளை விழும். விரைந்தால் மேற்புறம் மட்டும் ஒட்டி, தட்டியதும் பிரியும். அசற்றிலீன் மிகுந்தால் இரும்பிற் கரி ஏறும். ஒட்சிசன் மிகுந்தால் உலோகமே எரியும். எல்லாம் சரியாக முடிந்தது என்று நிமிரும்போது, குளிர்ந்த தகடு கோணிக்கிடக்கும்! இவற்றைப் புத்தகமும் சொல்லும். ஆனால் கை அறிவதற்கு, அருகில் நின்று சுடரைத் திருத்திவிடும் தொழிலாளி வேண்டும்.

கொன்சாலேஸின் பயிற்சி பத்தாண்டுகள் கழித்தே சிற்பத்திற் பயன்பட்டது. 1928 இல் பிக்காசோ தாம் எண்ணிய இரும்புச் சிற்பங்களுக்காக அவரது தொழில்நுட்ப உதவியை நாடினார். உலகப் புகழ் பெற்ற ஓவியர், பட்டறை மனிதரிடம் சென்றார் என்பதை நாம் மனங்கொள்ளல் வேண்டும். கம்பியும் தகடும் இணைந்து வெறுவெளியையே உருவமாக வளைத்த சிற்பங்கள் அக்கூட்டுறவிற் பிறந்தன. 1937 இல் பாரிஸ் பொருட்காட்சியின் ஸ்பானியக் குடியரசு மண்டபத்தில், கையில் அரிவாளும் தோளோடணைத்த குழந்தையுமாக நின்ற குடியானவப் பெண் 'மொன்சராத்' இரும்புத் தகட்டாலானவள். பின்னர் உலகப்போர் வந்தது. ஒட்டுவதற்குரிய வாயு கிடைப்பது அரிதாயிற்று. சிற்பி சாந்துக்கும் வரைதாளுக்கும் திரும்பினார். 1942 இற் காலமானார்.

அவ்விருவரின் இரும்புச் சிற்பங்களைச் சஞ்சிகைப் படங்களிற் கண்ட பின்னரே, தொழிற்சாலையில் தாம் கற்றது கலைக்கும் உரியது என்பது சிமித்துக்குத் தெளிவாயிற்று. 1933 இல் இரும்புத் தலையுருவங்களை ஒட்டினார். புரூக்ளின் துறைமுகக்கரைப் பட்டறையொன்றில் இடம் பெற்று, அங்குள்ள தொழிலாளரிடையே வேலை செய்தார். போரையும் பாசிசத்தையும் சாடிப் பதினைந்து பதக்கங்களைப் படைத்த அவரே, 1942 முதல் 1944 வரை ஸ்கெனெக்ரடி நகரின் தொழிற்சாலையிற் போர் வண்டிகளின் கவசத் தகடுகளை ஒட்டினார். இதனை முரண்பாடென்று நகைப்போர் அவ்வாண்டுகளில் எதிரே நின்றது எது என்பதை மறந்தவர்கள்.

எனினும் ஒரு வினா நம்மை விட்டகலவில்லை. சிமித்தின் பக்கத்திலே நின்று அதே தகட்டை அதே திறமையுடன் ஒட்டியவன் ஏன் சிற்பியாகவில்லை? அவனிடம் கற்பனை இல்லை என்று சொல்ல நமக்கு என்ன உரிமை உண்டு? அவனுடைய சுடர் எரிந்த நேரம் முழுவதும் முதலாளியின் வேலைச்சீட்டுக்கு உரியதாயிருந்தது. சிமித்துக்கோ சிற்பத்துக்கென மீட்டெடுக்க ஓரளவு நேரமேனும் இருந்தது.

1962 இல் இத்தாலியின் வோல்ற்றி என்னுமிடத்தில், கைவிடப்பட்ட உருக்குத் தொழிற்சாலையொன்று சிமித்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஓரிரு சிற்பங்களே அவரிடம் கேட்கப்பட்டன. உதவிக்கு அமர்த்தப்பட்ட தொழிலாளருடன் முப்பது நாளில் இருபத்தேழு சிற்பங்களைச் செய்துமுடித்தார். பழைய கொல்லர் விட்டுப்போன கிடுக்கிகளும் திருகுசாவிகளும் அவற்றிற் பொருத்தப்பட்டன. அவற்றுள் ஒன்று, கருவிகள் கிடக்கும் ஒரு வேலைமேசை.