பதவி போனபின் வாங்கிய மலை

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கடாடின் என்றொரு மலை. சுற்றியிருந்த காடெல்லாம் காகித, மரக் கம்பெனிகள் வசம். அரசே அதை வாங்கிப் பூங்காவாக்க வேண்டும் என்று, 1921 முதல் 1925 வரை கவர்னராக இருந்த பெர்சிவல் பாக்ஸ்டர் மன்றாடினார், சட்டமன்றம் மசியவில்லை. பதவி முடிந்தபின், 1930இல், சொந்தப் பணத்தில் சுமார் 6,000 ஏக்கர் வாங்கி, அரசுக்கே தானமாக எழுதிக் கொடுத்தார். துண்டு துண்டாகச் சேர்த்து 1962இல், தம் 85 வயதில், இரண்டு லட்சம் ஏக்கரைத் தாண்டினார். அவர் போட்ட நிபந்தனை: காடு என்றென்றும் காடாகவே இருக்கவேண்டும். அதனால்தான் அங்கே கூடாரம் போடுவோருக்கு இன்றும் மின்சாரம் கிடையாது. ஓடைத் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் குடிக்கவேண்டும். நாற்காலியில் இருந்தபோது முடியாததை, இறங்கியபின் முப்பது வருஷம் பொறுமையாகச் செய்து முடித்தார். ஓய்வு பெற்ற நமக்குத் தெம்பு தரும் கதை.