பாசியின் நிறம்

பாசி என்னும்போது இடையிலுள்ள சகரம் நாவில் வழுக்கிப் போகிறது. குளத்துப் படியில் கால் வைத்தவர்க்கு இது பொருத்தமாகவே தோன்றும். ஆயினும் சொல் பிறந்தது நிறத்திலிருந்து. பசுமை, பச்சை, பைங்கூழ் என்றும், ஆதி நீண்டு பாசிலை என்றும் கிளைத்த அதே அடியில்தான் பாசியும் முளைத்தது. பிரிவில் மேனியில் படரும் பசலையும் இதன் உடன்பிறப்பே. தொட்டால் விலகி, விட்டால் மீண்டும் பரவும் கேணிப்பாசியைக் குறுந்தொகை 399இல் பரணர் பசலைக்கு உவமையாக்குகிறார். ஓரடிச் சொற்கள் இரண்டை அருகருகே வைத்த அந்தச் செவிதான் என்ன செவி!

பாசிப்பயறு பிறந்த நிறத்தைக் காத்துக்கொண்டது. பாசிமணியோ எந்நிற மணிக்கும் பெயராயிற்று. ஊர்க்குளத்து மீன்பாசி ஏலத்திலோ விலை பாசிக்கல்ல, மீனுக்குத்தான்.

கடலுக்குள் இறங்கியபோது சொல்லுக்கு உண்மையான சோதனை வந்தது. அங்கே செம்பாசியும் பழுப்புப்பாசியும் மலிந்துள்ளன. சிவந்த பச்சை என்றால் முரணல்லவா? கஞ்சிப்பாசி என்னும் செம்பாசியைக் கொதிநீரில் இட்டுப் பாருங்கள்: செந்நிறமி நீரில் கரைந்து விலக, அதுவரை மறைந்திருந்த பச்சையம் வெளிப்படும். பெயரிட்டவர் இதையெல்லாம் ஆராய்ந்திருக்க மாட்டார். பெயர் பிழைபடவில்லை, அவ்வளவே. சுருள்பாசியை இன்றைய அறிவியல் பாக்டீரியா இனத்தில் சேர்த்துவிட்டாலும், தமிழ் அதைப் பாசிக் குடும்பத்திலிருந்து விலக்கவில்லை. கடற்புல் மட்டும் வேரும் பூவும் உடையதால் புல்லாகவே நிற்கிறது.

கஞ்சிப்பாசி கரைந்து கூழாகி ஆறினால் கட்டிபடும். அதற்கு உலகம் வழங்கும் அகர் என்பது மலாய்ச் சொல். அகர்பத்தியின் அகரோ நம் அகிலுக்கு உறவு. ஒலி ஒன்றுபட்டதால் இரண்டையும் ஒரு கொடியில் கட்டிவிடக் கூடாது.

இராமநாதபுரக் கரையில் கடலில் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்களிடம் இன்னும் வளமான அகராதி உண்டு. நிலத்து மணச்செடியின் பெயரை ஏற்ற மரிக்கொழுந்துப்பாசி, கோரையை நினைவூட்டும் கட்டக்கோரை என எல்லாம் கண்ணும் கையும் அறிந்து இட்ட பெயர்கள். இந்நூற்றாண்டுத் தொடக்கத்தில் பெப்சி நிறுவனத்தின் முயற்சியால் மிதவைகளில் வளர்க்கப்பட்ட அயலினம் அவர்கள் வாயில் 'பெப்சிப்பாசி' ஆனது. இது தூய தமிழ் இல்லைதான். ஆனாலும் பகரம் இரட்டித்து, முறைப்படி புணர்ந்தே நிற்கிறது.