மகாகவியின் ஊரேக்கம்

அளவெட்டியிற் பிறந்த மகாகவி (து. உருத்திரமூர்த்தி, 1927–1971) கொழும்பில் இலிகிதராய் இருந்தவர். அவரது 'யாழ்ப்பாணம் செல்வேன்' என்னும் கவிதையை வெறும் ஊர்ப்பற்றாகக் கொள்வோர் உளர். அவ்வேக்கத்துக்குப் பொருளியல் அடிப்படை ஒன்று உண்டென்பதே எமது கருத்து. வற்றாத ஆறில்லாக் குடாநாட்டில், கிணற்றுநீரை நம்பிய சிறுநிலங்கள் பெருகிய குடும்பங்களைத் தாங்கவில்லை. பருத்தித்துறையில் 1838 இல் தொடங்கிப் பின்னர் ஹாட்லிக் கல்லூரியாய் வளர்ந்தது போன்ற மிசன் பாடசாலைகளின் ஆங்கிலக் கல்வியோ இளைஞரைத் தெற்கின் கந்தோர்களுக்கு அனுப்பிற்று. ஊரைவிட்டுப் பிரித்த சம்பளமே ஊரைப் பாடவும் வைத்தது.

யப்பானியக் கவிஞர் இஷிகாவா தக்குபொக்குவின் (1886–1912) நிலையும் இதுவே. வடபுல இவாதே மாநிலத்தின் சிபுதாமிக் கிராமத்தில் வளர்ந்து, டோக்கியோப் பத்திரிகையொன்றில் அச்சுப்படி திருத்தியவர் அவர். 'ஒரு பிடி மணல்' (1910) என்ற அவரது தொகுதியில் ஊர்நினைவு நிறைந்துள்ளது. எனினும் அதே ஆண்டின் இராசத்துரோக வழக்கு அவரைச் சமதர்மச் சிந்தனைக்கு மேலும் நெருக்கமாக்கிற்று.

மகாகவி அவ்வழி சென்றவரல்லர். நம் முற்போக்கு விமர்சனமும் நெடுங்காலம் அவரைப் பொருட்படுத்தவில்லை; இது நியாயமன்று. தாம் ஏங்கிய அம்மண்ணிலேயே சாதி ஒரு காதலை அழித்த கதையைக் 'கண்மணியாள் காதை'யில் அவரே பாடினார். அது நூலாக வெளிவந்த 1968 ஆம் ஆண்டிலேயே மாவிட்டபுர ஆலயப் பிரவேசப் போராட்டமும் நிகழ்ந்தது.