பனிப் புனிதர்கள்

மே மாதத்தின் 11 முதல் 15 வரையிலான ஐந்து நாட்களை மத்திய ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் அச்சத்தோடு எண்ணிக் கழிப்பார்கள். மமெர்டஸ், பான்கிராஸ், செர்வேஷியஸ், போனிஃபேஸ், சோஃபியா என்னும் ஐந்து கிறிஸ்தவப் புனிதர்களின் நினைவு நாட்கள் அவை. ஜெர்மானியர் இவர்களைப் 'பனிப் புனிதர்கள்' என்பர். இறுதியாக வருபவளுக்குக் 'குளிர்ந்த சோஃபி' என்றே பெயர். அவள் விடைபெறும்வரை தக்காளி, வெள்ளரி, அவரை நாற்றுகளை வெளியில் நடலாகாது என்பது நெடுங்கால வழக்கு.

இவர்களில் எவரும் பனியை ஆண்டவரல்லர். பான்கிராஸ் ரோமில் உயிர்நீத்த பதினான்கு வயதுச் சிறுவன் என்பது மரபு. ஆனால் எழுத்தறியாத உழவனுக்குத் தேதியைவிடப் பெயர் எளிதில் நினைவில் நிற்கும்.

எச்சரிக்கைக்குக் காரணமும் உண்டு. ஏப்ரலிலேயே வெயில் காயும், மண் இளகும். பிறகு ஒருநாள் வடக்கிலிருந்து குளிர்காற்று இறங்கும். மேகமற்ற இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழக்கும். இலைக்குள் நீர் உறைந்து உயிரணுக்கள் சிதையும். காலையில் நாற்று வெந்த கீரையாய்த் துவண்டு கிடக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாரிஸ் காய்கறித் தோட்டக்காரர்கள் இதற்கெனவே மணி வடிவக் கண்ணாடிகளைச் செடிகள்மீது கவிழ்த்தனர். குதிரைச் சாணம் புளித்தெழும் சூட்டில் பாத்திகள் அமைத்தனர். இரவில் வைக்கோல் பாய் போர்த்தினர்.

1582இல் போப் பதின்மூன்றாம் கிரெகொரி நாட்காட்டியைத் திருத்தினார். அக்டோபர் 4க்கு மறுநாள் அக்டோபர் 15 ஆயிற்று. சூரியன் நகரவில்லை, புனிதர்கள் பத்து நாள் முன்னே வந்துவிட்டனர். ஜெர்மனியின் சீர்திருத்தச் சபை நாடுகள் 1700 வரை பழைய கணக்கிலேயே இருந்தன. அண்டை ஊர்களில் பான்கிராஸ் நாள் பத்து நாள் இடைவெளியில் வந்தது. பனி எந்த ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்து இறங்கும்?

ஆயினும் வழக்கு பிழைத்தது. அது சோதிடமாக இருந்திருந்தால் பொய்த்துப் போயிருக்கும். அவசரப்படும் கையைத் தடுக்கும் பொறுமையாக இருந்ததால் நிலைத்தது என்று எண்ணத் தோன்றுகிறது.

அந்தப் பொறுமைக்கும் எல்லை உண்டு என்பதை 2021 காட்டியது. பிரான்சில் மார்ச் இறுதியின் வெப்பத்தில் திராட்சைக் கொடிகள் முன்கூட்டியே தளிர்விட்டன. ஏப்ரல் முதல் பாதியில் கடும் உறைபனி இறங்கியது. இரவெல்லாம் கொடிகளுக்கிடையே மெழுகுத் தீபங்கள் ஏற்றியும் பெருமளவு விளைச்சல் கருகியது. நாற்று நம் கையில் இருக்கிறது. நடுவதை ஒரு வாரம் தள்ளிப்போடலாம். வேரூன்றிவிட்ட கொடியிடம் சோஃபி வரும்வரை பொறு என்று யார் சொல்வது?