11 வரிகள் போன தூரம்

எண்ணுக்கோ சொல்லுக்கோ இடப்பக்கம் வேண்டிய அளவு பூஜ்யமோ வெற்றிடமோ சேர்த்துத் தருவது, லெஃப்ட்-பேட் என்ற குட்டி நிரல் செய்த வேலை அவ்வளவுதான். 17ஐக் கொடுத்து ஐந்து இலக்கம் கேட்டால் 00017 தரும். அசர் கோசுலு என்ற துருக்கி நிரலாளர் அதை 2014இல் எழுதி வெளியிட்டார். மொத்தம் 11 வரிகள். இந்தச் சின்ன வசதி அன்று ஜாவாஸ்கிரிப்ட் மொழிக்குள் இல்லை. அதனால்தான் அதற்குத் தேவை இருந்தது.

அவர் அதை வைத்த இடம் என்பிஎம். 2010இல் ஐசக் ஷ்லூட்டர் தொடங்கிய பொதுக் கிடங்கு. ஒருவர் எழுதி ‘பேக்கேஜ்’ ஆக வைத்த நிரலை இன்னொருவர் ஒரே கட்டளையில் தன் கணினிக்கு இறக்கிக்கொள்ளலாம். விருந்தாளி ஒருவரை அழைத்தால் அவர் உறவுக்காரர்களும் கூடவே வந்து இறங்குவதைப் போல, ஒரு பேக்கேஜைக் கேட்டால் அதற்குத் தேவையான மற்ற பேக்கேஜ்களும் தாமாகவே வந்துவிடும். லெஃப்ட்-பேட் ஊர் ஊராகப் போனது இப்படித்தான். லைன்-நம்பர்ஸ் என்ற சிறு பேக்கேஜ் அதைப் பயன்படுத்தியது. அந்த வழியாக அது பேபலுக்குள் நுழைந்தது. பேபலோ உலகெங்கும் வலைச்செயலி எழுதுவோரின் அன்றாடக் கருவி. அதை நிறுவியவர்களில் பெரும்பாலோர் லெஃப்ட்-பேட் என்ற பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

கோசுலு ‘கிக்’ என்ற பெயரிலும் ஒரு பேக்கேஜ் வைத்திருந்தார். அதே பெயருடைய கனடா நாட்டுச் செய்திச்செயலி நிறுவனம் அந்தப் பெயரைக் கேட்டது. அவர் மறுத்தார். என்பிஎம் நிர்வாகம் பெயரை நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுத்தது. மனம் கசந்த அவர், லெஃப்ட்-பேட் உட்பட, தாம் வெளியிட்டிருந்த 250க்கும் மேற்பட்ட பேக்கேஜ்களையும் கிடங்கிலிருந்து நீக்கிவிட்டார். அவை அவர் உழைப்பு. நீக்கும் உரிமையை அன்றைய விதியும் கொடுத்திருந்தது. அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. முன்பின் தெரியாதவர்கள் இலவசமாகக் கொடுத்ததன் மேல் இவ்வளவு பெரிய கட்டடத்தை எழுப்பிவிட்டு, அஸ்திவாரத்தை யார் காக்கிறார்கள் என்று கேட்காமல் இருந்ததுதான் தவறு.

2016 மார்ச் 22, அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி பிற்பகல் இரண்டரை மணி தாண்டியதும் நிமிடத்துக்கு நூற்றுக்கணக்கில் பிழைகள் குவியத் தொடங்கின. லெஃப்ட்-பேடை எதிர்பார்த்த நிரல்களின் நிறுவல்கள் எல்லாம் பாதியில் நின்றன. பத்தே நிமிடத்தில் இன்னொரு நிரலாளர் அதே வேலையைச் செய்யும் நிரலை 1.0.0 என்ற பதிப்பாக வெளியிட்டார். பலனில்லை, லைன்-நம்பர்ஸ் பழைய 0.0.3 பதிப்பைத்தான் கேட்டது. கடைசியில் என்பிஎம் நிர்வாகமே, அதுவரை செய்யாத ஒன்றாக, காப்புப் பிரதியிலிருந்து 0.0.3ஐ மீட்டு மறுபடி வெளியிட்டது. ஐந்து மணிக்குச் சற்று முன் பிரச்சினை தீர்ந்தது.

அதன்பின் விதி மாறியது. வெளியாகி 24 மணி நேரம் கடந்த பேக்கேஜை எழுதியவரே நினைத்தபடி நீக்க முடியாது என்றார்கள். ஜாவாஸ்கிரிப்டின் 2017ஆம் ஆண்டுத் தரத்தில், லெஃப்ட்-பேட் செய்த அதே வேலையைச் செய்யும் ‘பேட்ஸ்டார்ட்’ சேர்ந்தது. முதலிலிருந்தே மொழிக்குள் இருந்திருக்க வேண்டிய வசதி அது. லெஃப்ட்-பேடின் பக்கத்தில் இப்போது அதையே பயன்படுத்தச் சொல்லும் குறிப்பு இருக்கிறது.

நிரல் எழுதும் நண்பர்களே, உங்கள் புராஜெக்ட்டின் லாக் கோப்பை ஒருமுறை திறந்து, கேட்காமலே வந்து சேர்ந்திருப்பவை எவை என்று பாருங்கள். பத்து நிமிடத்தில் நீங்களே எழுதக்கூடியது இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். மற்றவற்றை எழுதியவர் யார், இன்னும் கவனித்துக்கொள்கிறாரா என்று விசாரியுங்கள். முடிந்தால் அவருக்குக் கைகொடுங்கள்.