ஆன்லைன்ல அப்ளை பண்ணா வேலை கிடைக்குமா? - ஒரு குட்டி வரலாறு

"ஆன்லைன்ல அப்ளை பண்றதெல்லாம் வேஸ்ட்டுண்ணே. உள்ள ஆள் இருந்தாத்தான் வேலை." வேலை தேடுற பசங்ககிட்ட பேச்சுக் கொடுத்தா ரெண்டாவது நிமிஷத்துல இந்த வசனம் வந்துடும். இன்னொரு பக்கம், யாரையும் தெரியாம, வீட்டுல உக்காந்து அப்ளை பண்ணியே நல்ல வேலைக்குப் போனவங்களும் நம்ம நடுவுல இருக்காங்க. ரெண்டு பேர் சொல்றதும் பொய்யில்லை. அப்போ எது எப்போ செல்லும்? பழைய கதையைக் கொஞ்சம் புரட்டினா விடை கிடைக்குதுன்னு எனக்குத் தோணுது. பதிவு கொஞ்சம் நீளம். டீயோ காபியோ எடுத்துக்கிட்டு வந்துடுங்க :-)

நூறு வருஷத்துக்கு முன்னாடி லண்டன் துறைமுகத்துல தினமும் காலையில கேட்டுக்கு வெளியே கூட்டம் நிக்கும். மேஸ்திரி வந்து கையை நீட்டி "நீ வா, நீ வா"ன்னு பொறுக்குவார். அவருக்குப் பழக்கமான முகத்துக்கு அன்னைக்குக் கூலி. மத்தவங்க அடுத்த கேட்டுக்கு ஓடணும். இந்த ஓட்டத்துல மனுஷனோட நாள் வீணாப் போகுது, வேலை எங்க இருக்குங்கிற தகவல் ஒரே இடத்துல கிடைச்சா போதும்னு வாதாடினவர் வில்லியம் பெவரிட்ஜ். அப்ப அமைச்சரா இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் (ஆமா, நம்ம "அந்த" சர்ச்சில்தான்) 1909ல சட்டம் கொண்டு வந்தார். 1910 பிப்ரவரி 1ஆம் தேதி பிரிட்டன்ல வேலைவாய்ப்பு அலுவலகங்கள் திறந்தாங்க. ஆள் தெரியாதவனுக்கும் ஒரு கதவு வேணுங்கிறதுதான் அடிப்படை யோசனை.

இந்தியாவுக்கு அது 1945ல வந்தது. ரெண்டாம் உலகப்போர் முடிஞ்சு திரும்பி வந்த சிப்பாய்களுக்கு வேலை தேடிக் கொடுக்கத்தான் ஆரம்பிச்சாங்க. 1948ல எல்லாருக்கும் திறந்துவிட்டாங்க. 1959ல காலியிடங்களை அலுவலகத்துக்குக் கட்டாயம் தெரிவிக்கணும்னு சட்டம் வந்தது. நல்லா கவனிங்க, "தெரிவிக்கணும்"னுதான் சட்டம். அங்கேருந்துதான் ஆள் எடுக்கணும்னு அது சொல்லலை. 1987ல உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாவே சொல்லிடுச்சு. 1996ல இன்னொரு வழக்குல, எக்ஸ்சேஞ்ச் அனுப்புற பட்டியலோட நிறுத்தக்கூடாது, பத்திரிகையிலயும் விளம்பரம் கொடுக்கணும்னு தீர்ப்பு வந்தது.

நம்ம வீடுகள்ல இதோட மிச்சம் என்னன்னு தெரியுமே. பரீட்சை ரிசல்ட் வந்த கையோட "எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சுட்டியா?"ன்னு அப்பா கேப்பார். மூணு வருஷத்துக்கு ஒரு தடவை ரினியூவல். சீனியாரிட்டி வரும் வரும்னு காத்திருந்து தலை நரைச்சவங்க எல்லாத் தெருவுலயும் உண்டு. கதவு இருந்தது, ஆனா வாசல்ல நின்ன கூட்டம் உள்ள இருந்த நாற்காலியை விட எத்தனையோ மடங்கு பெருசு.

அடுத்தது பத்திரிகைக் காலம். புதன்கிழமை ஹிந்துவோட வர்ற இணைப்புக்குப் பல வீடுகள்ல அடிதடியே நடக்கும். பயோடேட்டா டைப் அடிச்சு, சர்டிபிகேட்டை ஜெராக்ஸ் எடுத்து, அட்டெஸ்டேஷனுக்கு ஒரு கெஜட்டட் ஆபீசரைத் துரத்தி, கவர், ஸ்டாம்ப்புன்னு ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் காசு செலவு. அதனால யோசிச்சுத்தான் போடுவோம். வாங்குற கம்பெனிக்கும் தெரியும், இவன் இவ்வளவு மெனக்கெட்டு அனுப்பியிருக்கான்னா உண்மையிலேயே வேணும்னுதான் கேக்கறான்னு. அந்தச் செலவே ஒரு சல்லடை. இதை மனசுல வெச்சுக்கோங்க.

இணையம் வந்தது. அமெரிக்காவுல 1994ல ஜெஃப் டெய்லர் மான்ஸ்டர் போர்டை ஆரம்பிச்சார். நம்ம ஊர்ல 1997ல சஞ்சீவ் பிக்சந்தானி நௌக்ரியைக் கொண்டு வந்தார். அவருக்கு அந்த யோசனை வந்த கதை சுவாரசியமானது. முன்னாடி அவர் வேலை பார்த்த ஆபீஸ்ல பிசினஸ் இந்தியா பத்திரிகை வந்தா எல்லாரும் கடைசிப் பக்கத்துலேருந்துதான் புரட்டுவாங்களாம். ஏன்னா வேலை விளம்பரம் அங்கதான் இருக்கும். வேலையில இருக்கிறவனும் வேலை தேடிக்கிட்டேதான் இருக்கான்னு அவருக்குப் புரிஞ்சது. பத்திரிகைகள்ல வந்த விளம்பரங்களையே தொகுத்து இணையத்துல போட்டு ஆரம்பிச்சார்.

சரி, இதனால வேலை சீக்கிரம் கிடைச்சுதா? பீட்டர் கூனும் மிக்கல் ஸ்கூட்டருட்டும் 2004ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. 1998, 2000ஆம் வருஷத்து அமெரிக்கக் கணக்குகளை வெச்சுப் பார்த்தா, இணையத்துல வேலை தேடினவங்க மத்தவங்களை விடச் சீக்கிரமா வேலைக்குப் போகலை! அதுக்கு ரெண்டு காரணம் இருக்கலாம்னாங்க. ஒண்ணு, இணையத்துல தேடறதே அப்ப பிரயோஜனமில்லாம இருந்திருக்கலாம். இல்லாட்டி, வேற வழியில வேலை கிடைக்கிறது கஷ்டம்ங்கிற நிலையில இருந்தவங்கதான் இணையத்துக்கு வந்திருக்கலாம்.

கதை அங்க முடியலை. அதே கூன், ஹனி மன்சூரோட சேர்ந்து 2014ல திரும்பவும் பார்த்தார். இந்தத் தடவை 2005லேருந்து 2008 வரைக்குமான இளைஞர்களோட கணக்கு. இணையத்துல தேடினவங்க வேலையில்லாம இருந்த காலம் சுமார் 25 சதவீதம் குறைவு. பத்தே வருஷத்துல தலைகீழ் மாற்றம். தளங்கள் தேறிடுச்சு, வேலை கொடுக்கிறவங்களும் இணையத்துக்கு வந்துட்டாங்க.

அப்புறம் ஏன் இன்னிக்கும் புலம்பல்? மறுபடியும் அந்தச் சல்லடை விஷயம்தான். ஒரே கிளிக்ல அப்ளை பண்ணலாம்னு ஆன பிறகு செலவே இல்லை. செலவு இல்லாதப்ப எல்லாரும் எல்லாத்துக்கும் போடுறாங்க. அந்தப் பக்கம் மலை மாதிரி குவியுது. மனுஷனால படிக்க முடியாது, அதனால மென்பொருளை வெச்சு வடிகட்டறாங்க. அதுவும் நடுநிலையான ஜீவன் இல்லை. அமேசான் உள்ளுக்குள்ள உருவாக்கிப் பார்த்த ஒரு கருவி, பழைய விண்ணப்பங்களைப் படிச்சுக் கத்துக்கிட்டு பெண்களோட விண்ணப்பத்துக்கு மதிப்பைக் குறைச்சுதுன்னு 2018ல செய்தி வந்தது. அதைக் கைவிட்டுட்டாங்க. ஒரு காலத்துல கொடிகட்டிப் பறந்த மான்ஸ்டரே 2025 ஜூன்ல அமெரிக்காவுல திவால் மனு கொடுத்தது.

இப்ப "உள்ள ஆள்" கட்சிக்கு வருவோம். சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் அமெரிக்காவுல நியூட்டன்ங்கிற ஊர்ல வேலை மாறினவங்களை விசாரிச்சார். 56 சதவீதம் பேருக்கு வேலை தெரிஞ்சவங்க மூலமாத்தான் கிடைச்சிருந்தது. ஆனா அந்தத் தெரிஞ்சவங்க யாருன்னு கேட்டதுலதான் ஆச்சரியம். அடிக்கடி பார்க்கிற நெருங்கின ஆட்கள் மூலமா வந்தது ஆறுல ஒரு பங்குதான். மீதியெல்லாம் எப்பவாவது பார்க்கிற, பேர் கூட மறந்து போற அளவு பழக்கமானவங்க. நெருங்கினவனுக்கு நமக்குத் தெரிஞ்சதேதான் தெரியும். தூரத்து ஆளுக்கு வேற உலகம் தெரியும். அதாவது, மாமா சித்தப்பா பெரிய பதவியில இல்லாததால எல்லாம் முடிஞ்சுடலை.

அதுக்காக சிபாரிசே நியாயம்னு நான் சொல்ல வரலை. சிபாரிசு ஓடுறது ஏற்கெனவே உள்ள இருக்கிறவங்களோட வட்டத்துல. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு அந்த வட்டமே கிடையாது. விண்ணப்பம் போடறதாவது சமமான்னு பார்த்தா, அங்கயும் பேரைப் படிக்கிறாங்க. சுகதேவ் தோரட்டும் பால் அட்டிவெலும் பத்திரிகை விளம்பரங்களுக்கு ஒரே மாதிரித் தகுதியோட 4,808 விண்ணப்பங்கள் அனுப்பி 2007ல முடிவை வெளியிட்டாங்க. தலித் பேர்ல போனதுக்கு அழைப்பு வர்ற வாய்ப்பு, உயர்சாதிப் பேர்ல போனதோட ஒப்பிட்டா ஏறக்குறைய மூணுல ரெண்டு பங்கு. முஸ்லிம் பேருக்கு மூணுல ஒரு பங்கு. தகுதியில துளி வித்தியாசமில்லை, பேர் மட்டும்தான்.

இப்ப டிஎன்பிஎஸ்சியைப் பாருங்க. 2024 குரூப் 4க்கு 6,244 இடம், இருபது லட்சத்துக்கு மேல விண்ணப்பம். எல்லாமே ஆன்லைன். போட்டி பயங்கரம்னு புலம்புவோமே தவிர, அப்ளை பண்றதே வேஸ்ட்டுன்னு யாரும் சொல்றதில்லை. ஏன்னா பட்டனை அழுத்தின பிறகு ஒரு பரீட்சை இருக்கு. விடைத்தாளைத் திருத்துறவருக்கு நம்ம பேர் தெரியாது. அதனாலதான் 2019 குரூப் 4 தேர்வுல நடந்த முறைகேடு வெளிய வந்து, 99 பேருக்கு ஆயுள் தடை போட்டப்ப ஊரே கொதிச்சது.

ஆக, நான் வந்து சேர்ந்த இடம் இதுதான். ஆன்லைன்ல அப்ளை பண்றது பலிக்குமாங்கிறது, பட்டனுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்குங்கிறதைப் பொறுத்தது. பரீட்சையோ, செஞ்சு காட்டுற டெஸ்ட்டோ இருந்தா தைரியமா போடுங்க. வெறும் குவியல்தான்னா, போட்ட கையோட அந்த இடத்துல இருக்கிற ஒரு தூரத்து ஆளையும் தேடுங்க. நௌக்ரி மாதிரித் தளத்துல இன்னொண்ணு, கம்பெனிகள் காசு கட்டறது முக்கியமா நம்ம விவரங்களுக்குள்ள தேடறதுக்கு. நாம போய் அப்ளை பண்றதை விட, அவங்க தேடும்போது அகப்படறதுதான் அங்க முக்கியம். என்ன தெரியும், எத்தனை வருஷம், எந்த ஊர்னு தெளிவா எழுதி வைங்க. முன்பணம் கேட்டா மட்டும் ஓடியே போயிடுங்க.

கடைசியா நமக்கு ஒரு வார்த்தை, மக்களே. சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், துபாய்னு சிதறிக் கிடக்கிறோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தது கூட இல்லை. கிரனோவெட்டர் சொன்ன தூரத்து ஆள் நாமதான். முன்னப்பின்ன தெரியாத ஒரு தம்பியோ தங்கச்சியோ "உங்க கம்பெனியில ஏதாவது இருக்காங்க?"ன்னு மெயில் போட்டா, ரெண்டு வரி பதில் போடுங்க. நமக்கு அது ரெண்டு நிமிஷம். மாமா சித்தப்பா யாரும் இல்லாத ஒருத்தருக்கு, உள்ள இருக்கிற ஒரே ஆள் நாமளா இருக்கலாம்.